துறைமுகச் சித்திரம் சொல்லாத கதை

கொல்லிமலைப் பெரக்கரை நாட்டுக் குடியானவருக்குச் சென்னைக் கடற்கரையைத் தீட்டிய பழைய சித்திரங்களால் ஆவது என்ன என்று அன்பர்கள் வினவக்கூடும். ஆவது உண்டு என்பதே நமது துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜே. பி. ஈஸ்ட் என்பவர், சென்னையில் கரையேறும் காட்சியையும் கப்பலேறும் காட்சியையும் இரு சித்திரங்களாகத் தீட்டினார். ஸி. ஹன்ட் அவற்றைத் தகட்டில் செதுக்க, அச்சுப் பிரதிகளாக அவை பரவின. அக்காலத்துச் சென்னை, துறைமுகமே இல்லாத துறைமுகப்பட்டினம். கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னரானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும், நம் கடலோர மக்கள் செலுத்திய மசூலாப் படகில் ஏறியே கரை சேர வேண்டும். ஈஸ்டின் சித்திரங்களில் நாம் காண்பது இதையே. நுரைத்தெழும் அலைகளுக்கு நடுவே படகு தத்தளிக்கிறது. வெள்ளைக்காரப் பிரயாணிகளின் உயிர் நம்மவரின் துடுப்பில் இருக்கிறது.

அப்படகின் அமைப்பு வியக்கத்தக்கது. ஆணி ஒன்றுகூட அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையின் மோதலில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். எந்தக் கலாசாலையும் கற்பிக்காத இவ்வித்தையை நம்மவர் கடலிடமே கற்றனர். கண்ட காட்சியை உள்ளவாறு தீட்டிய சித்திரக்காரரை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் அப்படகோட்டிகளில் ஒருவரின் பெயரையும் அச்சித்திரங்கள் நமக்குச் சொல்லவில்லை.

நிற்க, கரையில் குவிந்த மூட்டைகளின் கதைக்கு வருவோம். தாது வருஷத்துப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை இம்மாகாணத்தை வாட்டியது. அப்போது கடல்வழி வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. வாங்கப் பணமில்லாத ஜனங்களோ சிந்திய மணிகளைப் பொறுக்கினார்கள். இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியைத் தடுக்கவும் வைஸ்ராய் லிட்டன் மறுத்துவிட்டார். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அவருடைய சித்தாந்தம்! கொல்லிமலை அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. அந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் ஏறக்குறைய 19½ லட்சம். 1881இல் 16 லட்சம். துறைமுகத்தின் பெருமையையும் உள்நாட்டின் துயரத்தையும் ஒரே சட்டத்துள் அடக்கிய சித்திரத்தை நாம் இதுவரை கண்டதில்லை. மலைநாட்டார் துறைமுகத்தைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுவே. அவர் விளைவிக்கும் மிளகுக்கும் காப்பிக்கும் விலை கூறுவது இன்றும் கடல் கடந்த சந்தையன்றோ?

சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1881இல் வீசிய புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். மசூலாப் படகுக்கு வேலை குறைந்து, அது மெல்ல மறைந்தது. இன்று சரக்குப் பெட்டகங்களை இயந்திரங்கள் தூக்குகின்றன.

துடுப்புப் பிடித்தவன் கப்பலுக்கும் உடையவனாக வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908இல் அவருக்குக் கிடைத்த பரிசு கொடுந்தண்டனை! பிறர் தீட்டிய படத்தில் கூலியாக நிற்பதோடு நம்மவர் திருப்தியடையலாகாது என்பதே அவர் தம் வாழ்வால் கற்பித்த பாடம்.

ஈஸ்டின் சித்திரங்களை நம் பள்ளிக்கூடங்களில் மாட்டுவது நலம். ஆனால் அவற்றின் அருகே படகு தைத்தவர்களின் திறமையும், பஞ்சத்தில் மாண்டவர்களின் கணக்கும், சுதேசிக் கப்பலின் வரலாறும் எழுதப்பட வேண்டும். பெரக்கரை நாட்டுச் சிறுவனும் அப்போது அப்படத்தின் முன் நின்று, “இது எங்கள் கதை” என்று கூறுவான்.