வெள்ளவத்தைக் கரையில் நண்டு தேடி

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளரும் பிள்ளைகள் பலருக்குக் கடல் என்பது பல்கனியிலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடு மட்டுமே. இராமகிருஷ்ண வீதியின் முனைக்குப் போய், மெரைன் டிரைவையும் தண்டவாளத்தையும் தாண்டினால் மணல் வந்துவிடும். பள்ளிக்கூடம், டியூஷன், கைத்தொலைபேசி என்று வாரம் ஓடிவிடுவதால் அந்த மணலில் கால் வைக்காமலே வளர்கிறார்கள். இந்தப் பிள்ளைகளைக் கடலோடு பழக்க நண்டைவிட நல்ல துணை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. கரையில் நண்டை விரட்டி விளையாடும் பெண்களைச் சங்க நெய்தல் பாடல்களில் காணலாம். இங்கிலாந்தில் குரோமர் போன்ற ஊர்களில் இன்றும் பிள்ளைகள் நூலில் இறைச்சித் துண்டைக் கட்டிக் கடலில் இறக்கி, அதைப் பற்றிக்கொள்ளும் நண்டை மேலே தூக்குகிறார்கள். அங்கே கடல் பல மீற்றர் ஏறி இறங்கும். கொழும்பிலோ ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அதனால் இங்கே கடல் வற்றும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கரை ஓரத்துப் பாறாங்கற்களில் கறுத்த நண்டுகள் ஓடுவது உண்மைதான். ஆனால் பாசி வழுக்கும், அலை சொல்லாமல் ஏறும். அவற்றைத் தூரத்தில் நின்று பார்த்தால் போதும். பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் மணல், ஏற்ற நேரம் பொழுதுபடும் வேளை.

மணலில் குழி தோண்டி வாழும் அந்த வெளிறிய நண்டைக் கவனியுங்கள். கண் இரண்டும் காம்பின் மேல் நிற்பதால் எந்தப் பக்கம் நின்றாலும் அது நம்மைக் கண்டுவிடும். ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரிது. காற்றைச் சுவாசித்தாலும் செவுள் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால் இடைக்கிடை அலை விளிம்புக்கு ஓடி வந்து நனைந்துகொள்ளும். பெரிய நண்டின் குழி ஒரு மீற்றருக்கு மேலும் ஆழமாகப் போகலாம். அதைத் தோண்டி எடுக்க விடாதீர்கள், அது அதன் வீடு. இருட்டியதும் டோர்ச் வெளிச்சம் பட்டால் நண்டு ஒரு கணம் திகைத்து நிற்கும். அந்தக் கணத்தில் ஒரு பிள்ளை தொப்பியால் மூடட்டும். பிறகு பெரியவர் ஒருவர் ஓட்டின் பின்புறத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்தால் கொடுக்கு எட்டாது.

வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுவதுதான் அன்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இந்த நண்டு நெடுநேரம் மூழ்கிக் கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அடியில் ஈர மணல் போட்டால் போதும். பத்து நிமிடம் ஆசை தீரப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கரையில் கிடக்கும் வெற்று ஓட்டைக் கண்டு “செத்துப்போச்சா அம்மா?” என்று கேட்பார்கள். அனேகமாக இல்லை. வளரும் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் போயிருக்கும். ஒரு கால் ஒடிந்திருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் அதுவும் முளைத்துவிடும். இதைக் கேட்கும் பிள்ளையின் கண்கள் விரிவதைப் பார்க்கவேண்டுமே! எந்தப் பாடப்புத்தகத்தாலும் அதைத் தர முடியாது.

எனக்குப் பயம் நண்டிடம் இல்லை, தண்டவாளத்திடம்தான். அங்கே இரண்டு பாதைகள். ஒரு கோச்சி போனதும் மற்றது வரலாம், அலை இரைச்சலில் அதன் சத்தம் கேட்காமலும் போகலாம். பிள்ளைகளின் கையைப் பிடித்து, இருபுறமும் பார்த்து, ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தில் நடக்கவோ செல்ஃபி எடுக்கவோ வேண்டாம். கால்வாய் கடலில் விழும் இடத்துப் பக்கமும் போகாதீர்கள், நகரத்துக் கழிவெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இந்த வசதியும் இல்லை. அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகம் நிற்கிறது. மட்டக்குளியில் உள்ள காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவுக்குத்தான் அவர்கள் போகவேண்டும். எந்தக் கரைக்குப் போனாலும் மணலில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியபோது 1,680 தொன் அளவான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டி, மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மணலைக் கிளறி இரை பொறுக்கும் உயிருக்கு அந்த மணியும் இரையும் ஒன்றுபோலவே தெரியும். மணலில் பயறளவு வெள்ளை மணி எதையும் கண்டால், அது என்ன, எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

“வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைப்போமா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்த நண்டில் சதையும் இல்லை, அதைத் தின்னும் வழக்கமும் நம்மிடம் இல்லை. முருங்கையிலை போட்ட நண்டுக்கறிக்குச் சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நண்டைத் திருப்பி வயிற்று மடலைக் காட்டுங்கள், ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். சினை நண்டை வாங்காதீர்கள்.

நண்டு தேட டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், அப்போது கடல் அடங்கியிருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் அலை தண்டவாளத்தடிவரை வந்து அடிக்கும். பிறகு செப்டெம்பர் கழியும்வரை பிள்ளைகளோடு அந்தப் பக்கம் இறங்க வேண்டாம்.