தேடல் வழங்கி மௌனமானால்

பினாங்கு கெலுகோரில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திற்கு நிபோங் திபாலிலும் கிளந்தான் குபாங் கெரியானிலும் வளாகங்கள் உள்ளன. இம்மூன்றுக்கும் பொதுவானதொரு மின்னூலகத் தேடலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தேடுபொறி நூல்களைப் படிப்பதில்லை. முன்னரே தொகுத்த சொல்லடைவையே புரட்டுகிறது. அதனைத் தாங்கும் வழங்கி பழுதுற்றால் மாற்று வழங்கி பொறுப்பேற்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. கெலுகோர் வழங்கியிடமிருந்து துடிப்புச் செய்தி வராவிடில், அது செயலிழந்ததா, இணைப்பு மட்டும் அறுந்ததா என்பதை நிபோங் திபால் வழங்கி அறியாது. இரண்டுமே தலைமையேற்றால் இருவேறு சொல்லடைவுகள் வளரும். பின்னர் அவற்றை இணைப்பது பெரும்பாடு. குபாங் கெரியானில் மூன்றாவது வாக்கு இருப்பின், மூன்றில் இரண்டு பெற்ற வழங்கியே தலைமையேற்கும், தனித்துவிடப்பட்டது ஒதுங்கும். எலாஸ்டிக்சர்ச் மென்பொருளில் இப்பெரும்பான்மை எண்ணை முன்பு நிர்வாகியே குறிக்க வேண்டியிருந்தது. 2019இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு முதல் மென்பொருளே அதனைக் கணிக்கிறது.

எனினும், நின்றுபோன தேடலைவிட அரைகுறைச் சொல்லடைவே தீங்கானது என்பது எம் கருத்து. பின்தங்கிய நகல் பொறுப்பேற்றால், நேற்றுச் சேர்த்த ஆய்வேட்டைத் தேடும் மாணவருக்கு ‘இல்லை’ என்றே விடை வரும், அவரும் நம்பிவிடுவார். ஆகவே நகலின் இறுதிப் பதிவெண்ணைத் தனியே காக்கப்படும் மூலத் தரவுத்தளத்தோடு ஒப்பிடல் வேண்டும். குறை காணின், விடுபட்டவை அடைவில் சேரும்வரை விடை முழுமையற்றது எனத் திரையிலேயே அறிவித்தல் வேண்டும்.