ஆடுகளத்தில் ஒரு வசைச்சொல்

பிம்ப்ரியில் நாம் குடியிருக்கும் பகுதியில் இளைஞர் சிலர் மாலை வேளைகளில் கால்பந்து ஆடுவது வழக்கம். மராத்தியர், சிந்திகள், மலையாளிகள், தமிழர் எனப் பலரும் கலந்த அணி அது. எதிரணியினர் அவர்களை ‘மதராசிகள்’ என்று ஏளனமாகக் கூவப்போக, அப்பெயரையே ஜெர்சியில் அச்சிட்டுக்கொண்டால் என்ன என்றொரு யோசனை அவர்களிடையே எழுந்தது. மொழிபெயர்ப்பு நமது தொழிலாதலின், அச்சொல்லுக்கு உண்மையான பொருள் யாதென நம்மிடம் வந்து கேட்டனர். நாம் அவர்களுக்கு மறுமொழியாக இலண்டன் மாநகரத்துக் கால்பந்துக் கழகம் ஒன்றின் வரலாற்றைக் கூறினோம். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களும் அதனை அறிந்துகொள்வது பயனுடைத்து.

டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்னும் அக்கழகம் இலண்டனின் வடபகுதியில் 1882இல் தோன்றியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இலண்டனில் குடியேறிய யூதர் பலர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் ஆட்டங்களை விரும்பிக் காணச் சென்றனர். அவர்தம் வீட்டுமொழி இத்திஷ். அம்மொழியில் ‘யீத்’ என்றால் யூதன் என்பதே பொருள். வசையேதும் அதில் இல்லை. ஒருவரையொருவர் அன்புடன் விளிக்கவும் அச்சொல் பயன்பட்டது. ஆங்கிலேயர் வாயில் அது ‘யிட்’ எனக் குறுகிற்று. குறுகியது உயிரெழுத்து மட்டுமன்று. 1930களில் ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிசக் கட்சியினர் யூதர்களை இழிவுபடுத்த அச்சொல்லைக் கூவித் திரிந்தனர். 1935 டிசம்பரில் ஜெர்மானிய அணி இங்கிலாந்து அணியை எதிர்த்து ஆடியதும் டாட்டன்ஹாம் மைதானத்திலேதான். யூதரும் தொழிற்சங்கத்தினரும் கண்டனம் தெரிவித்தும், நாஜிகளின் கொடி அன்று அங்கே பறந்தது.

பிற்காலத்தில் எதிரணி ரசிகர்கள் டாட்டன்ஹாம் ரசிகர் அனைவரையுமே ‘யிட்’ என்று பழிக்கலாயினர். ஹிட்லரின் கொலைக்கூடங்களில் நச்சுவாயு பரவியதை நினைவூட்டும் வகையில், பல்லாயிரவர் கூடிப் பாம்புபோல் சீறியதும் உண்டு. இதற்கு விடையாக, டாட்டன்ஹாம் ரசிகர்கள் 1970களிலும் 1980களிலும் அச்சொல்லைத் தாமே ஏற்றுக்கொண்டு, ‘நாங்கள் யிட் சேனை’ என்று முழங்கினர். எறிந்தவன் கல்லை எடுத்துத் தம் வீட்டுக்கே படியாக இட்டுக்கொண்டதுபோல் இது நமக்குத் தோன்றக்கூடும். அதில் ஒரு துணிவு இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆயினும் அவ்வாறு முழங்கியவருள் மிகப் பெரும்பாலோர் யூதரல்லர். அவர்தம் பாட்டனாரை எவரும் அச்சொல்லால் துரத்தியதில்லை. மேலும், ‘அவர்களே தம்மை அப்படி அழைத்துக்கொள்ளும்போது நாங்கள் அழைத்தால் என்ன குற்றம்?’ என்று கேட்க எதிரணியினருக்கும் வாய்ப்புக் கிடைத்துவிட்டது. 2013இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அச்சொல்லைக் கூவுவது குற்றமாகலாம் என எச்சரித்தது. அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன், வெறுப்பினால் கூவுவது வேறு, ரசிகர்கள் தம்மைத்தாமே அழைத்துக்கொள்வது வேறு என்றார். ரசிகர் மூவர் மீது தொடுத்த வழக்கு 2014இல் கைவிடப்பட்டது. சட்டத்தால் தீராத இவ்வழக்கைக் கழகமே பின்னர்க் கையில் எடுத்தது. 2019இல் 23,000க்கு மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டு, 2022 பிப்ரவரியில், அச்சொல்லை விட்டுவிடுமாறு தன் ரசிகர்களை வேண்டிக்கொண்டது. கூவியோர் பலர் அன்பினால்தான் கூவினர்; ஆனால் கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்த யூதர் சிலர் அதனைக் கேட்டு உள்ளுக்குள் குன்றினர்.

யூதர் என்றால் நமக்கு ஏதோ தொலைதூரத்தவர் என எண்ண வேண்டா. புணே நகரத்தில் 1867இல் கட்டி முடிக்கப்பெற்ற ‘லால் தேவூள்’ என்னும் செங்கல் ஆலயம் யூதர்களுடையதே. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனெ இஸ்ரேல் யூதரை அண்டை அயலார் ‘சனிவார் தேலி’ என்றனர். எண்ணெய் ஆட்டும் தொழிலினர், சனிக்கிழமை செக்கோட்டாதவர் என்பது பொருள். இதுவும் அயலார் இட்ட பெயர்தான். ஆனால் இப்பெயருக்குப் பின்னால் அடியாட்கள் வரவில்லை.

மதராசி என்பதும் பிறப்பால் குற்றமற்ற சொல். மதராஸ் மாகாணத்தவன் என்பதே அதன் பொருள். மாநிலம் 1969இல் தமிழ்நாடு ஆயிற்று. 1996இல் நகரமும் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. சொல் மட்டும் வடக்கே தங்கிவிட்டது, மலையாளியையும் தெலுங்கரையும் கன்னடரையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு! நமது படையின் மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் ‘வீர மதராசி’ என்றே போர்முழக்கம் செய்கின்றனர். அச்சொல் அவர்கள் வாயில் கம்பீரமாக ஒலிக்கிறது, அது அவர்களுடையது. ஆனால் 1960களின் இறுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், நாம் உடுத்தும் லுங்கிகூட வசையாயிற்று. தென்னிந்தியர் நடத்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்நாட்களில் அதே ‘மதராசி’ என்னும் சொல்லைக் கேட்டவர்களின் காதில் போர்முழக்கம் ஒலித்திராது.

இவ்வளவையும் கேட்ட பின் இளைஞர்கள் தம் அணியில் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தனர். மூவர் இருந்தனர். இருவர், பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தனர். மூன்றாமவன் அதுவரை வாய் திறக்கவில்லை. அவனுடைய பாட்டனார் அக்காலத்தில் மும்பையில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தவராம். தெருவில் அச்சொல் கேட்டால் கடைக் கதவை அடைத்துவிட்டுப் பின்வாசல் வழியே வீட்டுக்குப் போய்விடுவாராம். இதனை அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். அணித்தலைவனாகிய மராத்திய இளைஞன், “இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?” என்று கேட்டான். “நீங்களெல்லாம் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்களே” என்றான் இவன்.

ஜெர்சியில் இப்போதைக்கு எண்களை மட்டும் அச்சிடக் கொடுத்திருக்கின்றனர்.