உலு கிள்ளான் குன்றுகளும் மண்சரிவும்

கோலாலம்பூருக்குக் கிழக்கே, தீத்திவங்சா மலைத்தொடரை ஒட்டி உலு கிள்ளானும் புக்கிட் அந்தாராபங்சாவும் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்சரிவுக்குப் பேர்போன வட்டாரம் இது. மாறாக, அதே பள்ளத்தாக்கின் பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளான் நகரும் ஆற்றோரத் தாழ்நிலம். அங்கே கனமழை என்றால் வெள்ளப் பயம்தான்; இங்கே மண்சரிவுப் பயம்.

இக்குன்றுகளின் அடியில் கிரானைட் பாறை. வெயிலும் மழையும் நெடுங்காலம் அரித்ததில் மேலே பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிவிட்டது. இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் சில காலம் அசையாமல் நிற்கும். கடற்கரையில் ஈர மணலால் கட்டிய கோபுரம் நிற்பதும் இதே காரணத்தால்தான்: துகள்களுக்கு நடுவே கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்வரை நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. தொடர்மழையில் இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பினால் அந்தப் பிடி போய்விடும். தேங்கிய நீரின் அழுத்தம் துகள்களை விலக்கவும் தொடங்கும். நீர் ஆழத்துக்கு இறங்க நேரமாகும் என்பதால் மழை ஓய்ந்த பிறகும் சரிவு நேரலாம். 2022 டிசம்பர் 16 அன்று, விடியும் முன்னரே, சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தில் 31 பேரைப் பலிகொண்ட சரிவுக்கு முந்தைய நாள்களில் மண்ணில் ஊறிய மழையே முக்கியக் காரணம்.

ஆனால் மழையை மட்டும் குற்றம் சொல்வது வசதியான பாதி உண்மை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானின் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தனர். கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த குன்றில் ஓடிய ஓடையைக் குழாய் வழியே திருப்பிவிட்டிருந்தார்கள். பிற்பாடு மேலே வீடமைப்புக்காக மரங்கள் அழிக்கப்பட்டன. மண்ணும் நீரும் சேர்ந்து இறங்க, வடிகால்களால் தாங்க முடியவில்லை. பல நாள் மழையில் தடுப்புச் சுவர் இடிந்தது. சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. தண்டவாள இரும்பால் ஆன அந்த அடித்தளத் தூண்கள் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கவே அமைந்தவை, பக்கவாட்டு அழுத்தத்துக்கு அல்ல. இது தொடர்பான வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது. 2006இல் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பானது. இதற்கிடையே 2002 நவம்பரில் அருகிலேயே மண்சரிவில் ஒரு பங்களா புதைந்து எட்டுப் பேர் மாண்டனர்.

பொதுப்பணித் துறை 2004இல் சரிவுப் பொறியியலுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. சரிவைப் படிப்படியாக வெட்டுவது, நீளமான இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் செலுத்துவது, சிமெண்ட் கலவையை மேலே பீய்ச்சுவது எனத் தடுப்புக்குப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றிலும் நீர் வெளியேற வழி இருந்தாக வேண்டும். இலை அடைத்த கால்வாய் எத்தனை தடித்த சுவரையும் பயனற்றதாக்கிவிடும். சரிவில் புதிய விரிசல், ஒரு பக்கம் சாயும் மரங்கள், சுவர்த் துளைகளில் கலங்கிய நீர், அல்லது வழக்கமாகக் கசிந்த நீர் திடீரென நிற்பது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் கீழே குடியிருப்போர் முதலில் வெளியேற வேண்டும். புகார் அதற்குப் பிறகு.