சிறுநீரகத்தில் மான் கொம்பு!



போன காப்பி சீசனில் எங்க அத்தைக்கு விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல் வந்தது. அத்தைக்கு எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலை. "மலைக் குளிரு கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்று மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்! கடைசியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஸ்கேன் எடுத்தால், சிறுநீரகத்துக்குள் மான் கொம்பு மாதிரி கிளை விட்ட ஒரு கல்!

"கல்லுன்னா வலி உயிர் போகுமே, இவளுக்கு அப்படி வலிக்கலையே?" என்று பாட்டி கேட்டார். எனக்கும் அதே சந்தேகம். டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாக் கல்லும் ஒரே கல்லா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அது சின்னதாக இருக்கும்போதே சிறுநீர்க் குழாயில் இறங்கி, துடிக்க வைக்கும். அத்தைக்கு வந்தது ஸ்ட்ரூவைட் என்ற வேறு வகை. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த உப்பு இது. இந்தக் கனிமத்துக்கு 1845-ல் ஜெர்மனியில் உலெக்ஸ் என்பவர் பெயர் வைத்தார். மைக்ராஸ்கோப்பில் இதன் படிகம் சவப்பெட்டி மூடி போல இருக்குமாம்! இந்தக் கல் நகராமல், சிறுநீரகத்தின் உள் அறைகளிலேயே அச்சு வார்த்த மாதிரி வளர்கிறது. அதனால்தான் பலருக்குப் பெரிய வலி தெரிவதில்லை.

கல் கட்டும் கொத்தனார் யார்?

ஒரு கிருமி! முக்கியமானது புரோட்டியஸ் என்ற பாக்டீரியா. இது யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கும். நம் சிறுநீரில் உள்ள யூரியாவை அது அம்மோனியாவாக உடைக்கும். எஸ்டேட்டில் யூரியா மூட்டை நனைந்து கிடந்தால் மூக்கைத் துளைக்குமே, கழுவாத கழிப்பறையில் கண் எரியுமே, அதே அம்மோனியாதான்.

சாதாரணமாகச் சிறுநீர் லேசான அமிலம். அம்மோனியா கூடினால் அது காரமாகிவிடும். (சிவப்பு லிட்மஸ் நீலமாக மாறும். வேதியியல் பாடம் ஞாபகம் இருக்கிறதா?) மக்னீசியமும் பாஸ்பேட்டும் சிறுநீரில் ஏற்கெனவே உண்டு. அம்மோனியம் வந்து சேர்ந்ததும் மூன்றும் கெட்டியாகின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ கல் பெரிதாகிவிடும். கிருமியும் கல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சல் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அத்தைக்கு நடந்தது இதுதான்.

"அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கே, அந்த மக்னீசியம்தான் தண்ணியில் கலந்து கல்லாச்சு" என்று ஒரு மாமா சொன்னார். வெள்ளைக்கல்லில் மக்னீசியம் இருப்பது உண்மை. ஆனால் கீரை, பயறு, வாழைப்பழம் எல்லாவற்றிலும் மக்னீசியம் உண்டு. கிருமி இல்லாமல் இந்தக் கல் உருவாகாது.

யாருக்கு அதிகம்?

பெண்களுக்கு. சிறுநீர் வெளியேறும் பாதை பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. நீளம்தான். கிருமி சுலபமாக ஏறிவிடும். படுத்த படுக்கையாகி டியூப் வைத்திருப்பவர்களுக்கும் வரலாம்.

வைத்தியம் என்ன?

வாழைத்தண்டுச் சாறு இந்தக் கல்லைக் கரைக்காது. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளரும் என்பதால் முழுசாக எடுக்க வேண்டும். முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு, உள்ளேயே உடைத்து எடுக்கிறார்கள். இந்த முறை 1976-ல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்தது. அப்படியே விட்டால் சிறுநீரகம் கெடும், கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம்ம விஷயத்துக்கு வருவோம்!

மலைக்குளிரில் தாகம் எடுப்பதில்லை. அதோடு நம்மில் பல பேர், முக்கியமாகப் பெண்கள், கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. உண்மைதானே? மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சிறுநீர் தேங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

* தாகம் இல்லாவிட்டாலும் இடைவேளைதோறும் தண்ணீர் குடியுங்கள்.
* அடக்காதீர்கள். வகுப்பில் கை தூக்கிக் கேட்பது தப்பில்லை.
* பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.
* எரிச்சல், கலங்கல், கெட்ட நாற்றம், ரத்தம், குளிர்காய்ச்சல் இருந்தால் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள்.
* டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
* நாம் போன பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவோம். அடுத்தவள் அடக்க வேண்டியிருக்காது.

அத்தையின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். "கல்லைவிட வெட்கம்தான் கண்ணு பெருசா வளர்ந்து கெடந்துச்சு" என்று இப்போது சிரிக்கிறார். இடுப்பில் பழக்கூடை, தோளில் தண்ணீர் பாட்டில். அப்படித்தான் இப்போது வேலைக்குப் போகிறார்.

வெட்கத்தை விடுவோம்! வருமுன் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி