பட்டம் கிடைத்தபின் என்ன?

இடம்பெயர்ந்தபோது காணியையும் கிணற்றையும் மாடுகளையும் விட்டுவந்தோம். பிள்ளைகள் கற்ற கல்வி மட்டும் எம்முடன் வந்தது. ஆகவே, பிள்ளை பல்கலைக்கழகம் செல்லவேண்டும் என நாம் ஆசைப்படுவது நியாயமே. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி ஏழைக்கும் அந்த வாசலைத் திறந்தது.

ஆனால் பட்டம் வேறு, வேலை வேறு. 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராடினர். கலைப்பிரிவில் கற்றோர் பலர் அரச நியமனத்தையே நம்பிக் காத்திருக்கின்றனர். தனியார் துறையினரோ ஆங்கிலம், கணினி, செய்முறைப் பயிற்சி ஆகியவற்றைக் கேட்கின்றனர்.

வேறு வழியும் உண்டு. தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மின்னிணைப்போ இயந்திரத் திருத்தமோ பழகும் பிள்ளை, உழைத்துக்கொண்டே படிப்படியாக மேலேறலாம்.

எனவே விடுதிச் செலவுக்காக நகையை அடகு வைக்குமுன், சாதாரண தரம் முடிந்து பாடம் தெரியும் வேளையிலேயே பிள்ளையுடன் அமர்ந்து பேசுவோம். இப்படிப்பு எந்த வேலைக்கு வழிவிடும்? அவ்வேலை எங்கே உண்டு? பட்டத்துடன் வேறு எதைப் பழகவேண்டும்? விதைக்குமுன் மண்ணைப் பார்ப்பவர்களல்லவா நாம்!