சிறு மின்சார மோட்டார்: வாங்குவது எளிது, வைத்துக் காப்பது அரிது

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மேடவாக்கம் முதலிய தென்புறத்து ஊர்களில், மூன்று மீட்டர் நீளங்கூட இல்லாத சின்னஞ்சிறு மோட்டார் வண்டிகள் ஓசையின்றி ஓடுவதை இப்போது காண்கிறோம். பெட்ரோலும் புகையும் இன்றி, இரவில் வீட்டு மின்சாரத்தை உண்டு பகலில் ஓடுகிற வண்டிகள் இவை. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றில், இத்தகைய வண்டி ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்ற யோசனை நடந்துவருகிறது. விற்கிறவர்களின் புகழ்ச்சியையும், வாங்காதவர்களின் பரிகாசத்தையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டு இவ்விஷயத்தை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

மின்சாரத்தால் ஓடும் வாகனம் நமக்குப் புதிதன்று. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ம் வருஷம் மே மாதத்தில் சென்னை வீதிகளில்தான் ஓடத் தொடங்கிற்று. 1953-ம் வருஷம் வரை ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் 1931-ம் வருஷத்தில் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையேதான் ஓடிற்று. ஆனால் அந்த டிராமுக்கும் ரயிலுக்கும், இன்றைய சிறு மோட்டாருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. டிராமும் ரயிலும் பாதையோடு வந்த மின்சாரத்தை எடுத்துக்கொண்டன. அவற்றைப் பழுதுபார்ப்பது கம்பெனியின் பொறுப்பு. டிக்கெட் வாங்கியவருக்கு அதற்குமேல் கவலை இல்லை. சிறு மோட்டாரோ தன் மின்சாரத்தைப் பாட்டரியில் தானே சுமந்து செல்கிறது. அதை வாங்குகிறவர் பிரயாணியும் தாமே, கம்பெனியும் தாமே. வாங்குவது ஒரு நாள் காரியம். வைத்துக் காப்பது பத்து வருஷக் காரியம். நமது வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய முதல் விஷயம் இதுவே.

யாருக்கு இவ்வண்டி வேண்டும்? ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்து, கிண்டியிலோ எழும்பூரிலோ வேலை பார்ப்பவருக்கு இது வேண்டுவதில்லை. ரயில்வே ஸீஸன் டிக்கெட்டுக்கு ஈடான சிக்கனம் எந்த மோட்டாரிலும் இல்லை. ஆனால் 1931-ல் அமைந்த ரயில் பாதை வடக்கு தெற்காகச் செல்வது. இன்று பல்லாயிரம் பேருக்கு வேலை இருப்பதோ கிழக்கே, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கத்தில். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக அங்கே செல்பவருக்கு ரயில் இல்லை; பஸ்ஸில் நெருக்கடி; இரு சக்கர வண்டியில் வெயிலும் மழையும் லாரிப் பயமும். மனைவியையும் குழந்தையையும் உடனழைத்துச் செல்ல வேண்டியவராயின் சிரமம் இரட்டிப்பாகிறது. நாள்தோறும் போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர் செல்லும் இத்தகையவருக்குச் சிறு மின்சார மோட்டார் உண்மையில் ஏற்றதாகும். சந்தில் திரும்பும், சிறிய இடத்தில் நிற்கும், நெரிசலில் நின்று நின்று செல்லும்போதும் வீணாக எரிபொருளைக் குடிக்காது.

கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால், மின்சாரக் கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர். ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 250 யூனிட் செலவாகும். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் விலை, உபயோகம் ஏற ஏறப் படிப்படியாக உயர்வது. ஏற்கெனவே 400 யூனிட் உபயோகிக்கும் குடும்பம், வண்டி வந்தபின் 650 யூனிட்டுக்குச் சென்றுவிடும். 2024-ம் வருஷம் ஜூலையில் அமைந்த விகிதப்படி 600 யூனிட்டைத் தாண்டிய அடுத்த படியில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9 ரூபாய் 65 காசு. அந்த 250 யூனிட் முழுவதையும் இந்த உயர்ந்த விலையிலேயே போட்டாலும் சுமார் 2,400 ரூபாய்தான் ஆகிறது. அதே தூரத்தை லிட்டருக்கு 15 கிலோமீட்டர் செல்லும் பெட்ரோல் வண்டி ஓட 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 13,300 ரூபாய். வருஷத்துக்கு 65,000 ரூபாய் மிச்சம். ஆனால் இந்த மிச்சம் ஓடுகிற வண்டிக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் செல்வதற்காக மட்டும் வாங்கி நிறுத்திவைப்பவருக்கு ஒரு காசும் மிச்சமில்லை.

இனி, வைத்துக் காக்கும் விஷயத்துக்கு வருவோம். இதற்கு நமது நாட்டு அநுபவமே கைவசம் இருக்கிறது. பெங்களூரில் மைனி குடும்பத்தார் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடன் சேர்ந்து 1994-ம் வருஷத்தில் தொடங்கிய ஸ்தாபனம், சேத்தன் மைனி என்பவரின் உழைப்பால், 2001-ம் வருஷத்தில் ‘ரேவா’ என்னும் சிறு மின்சார மோட்டாரைக் கொணர்ந்தது. பெரியவர் இருவரும் குழந்தைகள் இருவரும் அமரத் தக்கது. ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் 80 கிலோமீட்டர் செல்லும் என்றார்கள். உலகம் முழுவதும் மின்சார மோட்டாரைப்பற்றிப் பேசத் தொடங்குமுன்னரே இந்தியர் இதைச் செய்து காட்டினர் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் அதற்குப் பெயர் கொடுத்தது லண்டன் நகரமேயாகும். 2003-ம் வருஷத்தில் லண்டனின் மத்தியப் பகுதியில் நுழையும் மோட்டார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது. மின்சார வண்டிகளுக்கு அப்போது அது இல்லை. ஆகவே ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் நமது ரேவா அங்கே ஓடிற்று. பொது நிர்வாகம் ஒரு சலுகையைத் திட்டமாகவும் தெளிவாகவும் கொடுத்தால் ஜனங்கள் புது யந்திரத்தை ஏற்றுக்கொள்வர் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

ரேவாவின் பலவீனம் எங்கே இருந்தது? அதன் பாட்டரியில். முதலில் அதில் வைத்திருந்தவை ஈயப் பாட்டரிகள். சில வருஷங்களில் அவை சோர்ந்துவிடும். புதியவை மாற்றக் கணிசமான தொகை வேண்டும். வாங்கிய நாளில் சிக்கனமாகத் தோன்றிய வண்டி, மாற்றும் நாளில் செலவாளியாகத் தோன்றிற்று. 2010-ம் வருஷத்தில் மஹிந்திரா கம்பெனியார் அந்த ஸ்தாபனத்தில் பெரும்பங்கை வாங்கினர். 2013-ல் லித்தியம் பாட்டரியுடன் ‘இ2ஓ’ என்ற சிறு வண்டியை வெளியிட்டனர். அதுவும் 2019-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இவ்வரலாற்றில் எவர்மீதும் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. முன்னோடிகளுக்கு நஷ்டம் நேர்வது உலக இயல்பு. ஆனால் உற்பத்தி நின்ற பிறகும் வண்டி சொந்தக்காரரின் வாசலில் நிற்கிறது. அதற்குப் பாட்டரியும் உதிரிப் பாகமும் கொடுப்பவர் யார் என்ற கேள்வியும் அதனுடனேயே நிற்கிறது.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இக்காலத்து வண்டிகளைப் பார்க்கவேண்டும். 2023-ம் வருஷத்தில் வந்த ‘எம்.ஜி. காமெட்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கதவு, நான்கு இருக்கை. பாட்டரியின் கொள்ளளவு 17.3 யூனிட். பரிசோதனைக் கணக்கில் 230 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். பரிசோதனைக் கணக்கு வேறு, ஜி.எஸ்.டி. ரோடின் மே மாத வெயிலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டுச் செல்வது வேறு என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. எனினும் நாளுக்கு 40 கிலோமீட்டர் செல்பவருக்கு அது தாராளமாகப் போதும். பாட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,20,000 கிலோமீட்டர் உத்தரவாதமும் கொடுத்தார்கள். ரேவா காலத்தோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றம்.

2024-ம் வருஷம் செப்டம்பரில், பாட்டரியை விற்காமல் வாடகைக்கு விடும் முறையும் வந்தது. அப்போது 6,99,000 ரூபாயில் தொடங்கிய வண்டி, இம்முறையில் 4,99,000 ரூபாயாக இருந்தது. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அப்போது இரண்டரை ரூபாய் வாடகை வைத்தார்கள். கேட்பதற்கு இனிப்பான ஏற்பாடு. முதலில் மிஞ்சும் இரண்டு லக்ஷம் ரூபாய், 80,000 கிலோமீட்டர் வாடகைக்குச் சமம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஏழு வருஷத்துக்குள் அத்தொகையைக் கொடுத்து முடித்துவிடுவார். அதற்கப்பாலும் வாடகை உண்டா, பாட்டரி யாருடையது, குறைவாக ஓடினாலும் கட்டவேண்டிய தொகை உண்டா, வண்டியை விற்றால் ஒப்பந்தம் என்னாகும் என்பவற்றை எழுத்துமூலம் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்திடலாகாது. நயமான பேச்சு பத்திரத்தில் ஏறுவதில்லை.

பாட்டரிக்கு அடுத்த கேள்வி, மின்சாரம் ஏற்ற இடம் எங்கே என்பது. தனி வீட்டுக்காரருக்குக் கஷ்டமில்லை. நமது புறநகர்களில் பெரும்பாலோர் அடுக்கு வீட்டுக்காரர். அவர்களிலும் பலர் வாடகைக்காரர். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு, மின்சாரம் இல்லை. பொதுக் கம்பியில் எடுத்தால் அண்டை வீட்டாருக்கு மனக்கசப்பு. சொந்த மீட்டரிலிருந்து கம்பி இழுக்கக் கேட்டால் நெருப்புப் பயம் என்பார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யலாகாது. 3.3 கிலோவாட் சார்ஜர் ஏழு மணி நேரம் தொடர்ச்சியாக 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய மெல்லிய கம்பியிலும் தளர்ந்த பிளக்கிலும் அது சூடேறும். ஆகையால் மீட்டரிலிருந்து தனிக் கம்பி, சரியான எர்த், கசிவு கண்டால் தானே துண்டித்துக்கொள்ளும் பிரேக்கர் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவை இருக்குமாயின் மறுப்பதற்கு நியாயமில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள மின் இணைப்பைக் கொண்டே வண்டிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022-ம் வருஷம் ஜனவரியில் தெளிவாக்கியிருக்கிறது. ஜப்பான் தேசத்தில் 1962-ம் வருஷத்துச் சட்டப்படி, மோட்டார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் உண்டென்று காட்டவேண்டும். நம் நாடு முழுவதற்கும் பொதுவாக அத்தகைய சட்டம் இல்லாவிடினும், வாங்குகிறவர் தாமே அந்த நியதியை மேற்கொள்ளுதல் நலம்: முதலில் இடமும் கம்பியும், பிறகு வண்டி.

மூன்றாவது, வெள்ளம். 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் நீரில் நிறுத்திற்று. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் ஜனங்கள் மோட்டார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். இத்தகைய பூமியில் மின்சார வண்டி பிழைக்குமா? நீர் புகாதபடி மூடிய பாட்டரிகளுக்கு உள்ள ஒரு தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதாகும். தெருவில் தேங்கிய நீரைக் கடக்க அது உதவும். நாட்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு அது காப்பாகாது. ஆகவே சார்ஜரையும் பிளக்கையும் சுவரில் உயரமாக அமைக்கவேண்டும். புயல் அறிவிப்பு வந்தால், மின்சாரம் நின்றுபோகுமுன் பாட்டரியை நிரப்பி வண்டியை மேட்டில் நிறுத்தவேண்டும். மூழ்கிய வண்டியைத் தொழிலாளர் பரிசோதிக்குமுன் மின்சாரத்தில் மாட்டுவது பெரும் அபாயம். பள்ளமான இடத்தில் குடியிருந்து, அருகில் மேடான இடமும் இல்லாதவர் இவ்வண்டியை வாங்குமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கட்டும்.

உயிர்க் காப்பையும் விலை பேசலாகாது. ஐரோப்பாவில் ரேவா முழு மோட்டாராக அன்றி, இலகுவான நாற்சக்கர வண்டியாகவே வகுக்கப்பட்டிருந்தது. 2007-ம் வருஷத்தில் அங்கே நடந்த மோதல் பரிசோதனை கவலை தரும் விளைவையே காட்டிற்று. சிறுமை குற்றமன்று, பரிசோதனை இல்லாமையே குற்றம். நம் நாட்டில் 2023 அக்டோபர் முதல் ‘பாரத் என்கேப்’ என்னும் மோதல் பரிசோதனை முறை நடைமுறைக்கு வந்தது. அதில் நட்சத்திரம் பெற்றதா என்று கேட்க வாங்குகிறவர் வெட்கப்படலாகாது.

கடைசியாக, ராஜ்யத்தின் கடமை. 2023-ம் வருஷக் கொள்கைப்படி தமிழ்நாட்டு அரசாங்கம் மின்சார வண்டிகளுக்கு 2025 முடியும்வரை சாலை வரி விலக்கு அளித்தது; நல்ல காரியம். ஆனால் வரிச்சலுகை வாங்கும் நாளில் உதவுவது. வைத்துக் காக்கும் நாட்களில் உதவ வேறு ஏற்பாடு வேண்டும். ஒரு வண்டியின் உற்பத்தி நின்றபின்னும் இத்தனை வருஷம் பாட்டரியும் பாகமும் கிடைக்கச் செய்யவேண்டுமென்று உற்பத்தியாளரைச் சட்டம் கட்டவேண்டும். அடுக்கு வீட்டு வாடகைக்காரருக்கும் தம் செலவில் கம்பி இழுக்கும் உரிமை வேண்டும். 2021-ல் பிறந்த தாம்பரம் மாநகராட்சி, ஸ்டேஷன் ஓரங்களிலும் பொது இடங்களிலும் மின்சாரம் ஏற்றும் நிலையங்களை வெள்ளம் எட்டாத மேடையில் அமைக்கவேண்டும். லித்தியம் பாட்டரியின் உயிராகிய செல்களோ பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகின்றன. அவற்றை இங்கேயே செய்யும் நாள் வரையில், பெட்ரோலுக்கு அயலாரை எதிர்பார்த்த நாம் பாட்டரிக்கு அயலாரை எதிர்பார்க்கிறோம் என்பதே உண்மை.

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது இது. வழி தூரம் தினமும் உண்டா, சொந்த மீட்டரிலிருந்து கம்பி வருமா, மழைக்கு மேடு உண்டா, பாட்டரிக்குப் பத்திரம் உண்டா: இந்த நான்குக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவர் தயங்காமல் வாங்கட்டும். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பவர் பொறுத்திருக்கட்டும். அவருக்காக இருக்கவே இருக்கிறது, 1931-ம் வருஷம் முதல் மின்சாரத்தில் ஓடிவரும் ரயில்.